விட்டுக்கொடுக்காத இருவர்

2025 ஜூலை 28. ஜார்ஜியாவின் பாதுமி நகரில் பெண்கள் உலகக் கோப்பைச் சதுரங்க இறுதி. கோனேரு ஹம்பிக்கு வயது 38, திவ்யா தேஷ்முக்குக்கு 19. முந்தைய இரண்டு நாள் ஆட்டங்களும் சமனில் முடிந்திருந்தன. அன்றைய முதல் விரைவு ஆட்டமும் அப்படியே. இரண்டாவதில், கடிகாரம் நெருக்கியபோது ஹம்பி தவறினார். கருப்புக் காய்களோடு ஆடிய திவ்யா அந்தத் தவறைப் பார்த்தார், பயன்படுத்தினார், வென்றார்.

ஹம்பி 2002இல், 15 வயதில், கிராண்ட்மாஸ்டர் ஆனவர். அதற்கு முன் இந்தியப் பெண் எவரும் அந்தப் பட்டத்தைத் தொட்டதில்லை. பிறகு ஹரிகா, சென்னையின் வைஷாலி. இந்த வெற்றியால் நான்காவதாகத் திவ்யா. வழி திறந்துவிட்டவர் தடுமாறும் கணத்தில் அவரை வீழ்த்துவது நன்றிகேடா?

ஓர் ஆணைப் பற்றி இக்கேள்வியை நாம் கேட்கவே மாட்டோம். பெண்களுக்கு விட்டுக்கொடுத்தலே முதல் அறமாக ஊட்டப்பட்டிருக்கிறது. இருவர் மோதினால் குழாயடிச் சண்டை. மோதாமல் இருந்தால் தங்கமான பிள்ளைகள். தோழியின் கட்டுரையை மறுத்துப் பேசச் சொன்னால், "அவ வருத்தப்படுவா மேம்" என்கிறார்கள் என் மாணவிகள். அந்தக் கனிவு எனக்குப் பிடிக்கும். ஆனால் அதற்குள் ஓர் அலட்சியமும் ஒளிந்திருக்கிறது: அவளால் தாங்க முடியாது என்று நாமே தீர்மானித்துவிடுகிறோம்.

திவ்யா கைதளர்ந்து ஆடியிருந்தால் ஹம்பிக்கு அதைவிடப் பெரிய அவமதிப்பு வேறில்லை. எதிரே இருப்பவர் அடுத்து என்ன நினைப்பார், எதை மறைக்கிறார், எங்கே அஞ்சுகிறார் என்று மூன்று நாட்கள் இருவரும் ஒருவர் மனதை மற்றவர் வாசித்திருக்கிறார்கள். நம் வீட்டில் யார் நம்மை இத்தனை உன்னிப்பாகக் கவனித்திருக்கிறார்கள்?

போட்டியே ஆண்கள் வகுத்த ஆதிக்க விளையாட்டு என்று சொல்லும் பெண்ணியத் தோழிகள் உண்டு. அவர்கள் சொல்வதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் எல்லாப் போட்டியும் ஒன்றல்ல. பாதுமியில் முதல் மூன்று இடங்களுக்கு வந்தவர்களுக்குக் கேண்டிடேட்ஸ் தொடரில் இடம் உண்டு. ஆகவே இறுதிக்கு வந்தபோதே இருவருக்கும் அது உறுதி. ஒருவர் வெல்ல மற்றவர் வெளியேற வேண்டியதில்லை.

'ஒரு பெண் இருந்தால் போதும்' என்று ஒற்றை நாற்காலியைப் போட்டுவைத்து, அதைச் சுற்றி நம்மை ஓடவிடுகிற தேர்வுக்குழுக்களில் நடப்பது வேறு. அங்கே காய்களை நகர்த்துவது நாம் அல்ல.