எச்சமும் முற்றும்

மாத்தளை மாவட்டத்தில் இறத்தோட்டை, எல்கடுவை, கம்மடுவை ஆகிய பகுதிகளின் தோட்டங்கள் நக்கிள்ஸ் மலைத்தொடரின் சாரலில் அமைந்தவை. மழைக்காலத்து இரவுகளில் அங்கே குளிர் வாட்டும். அத்தகைய தோட்டமொன்றின் லயக் காம்பராவில் ஒரு தகரப் பெட்டி இருப்பதாக எண்ணிக்கொள்ளலாம். அதன் அடியிற் பழஞ்சேலைத் துண்டுகளை இணைத்துத் தைக்கத் தொடங்கிய போர்வையொன்று கிடக்கிறது. பாதி தைக்கப்பட்டிருக்கிறது, மறுபாதி துண்டுகளாகவே மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. குத்திவைத்த இடத்திலேயே ஊசி துருவேறி நிற்கிறது.

ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஓர் இளம்பெண் தன் தமக்கையின் குழந்தைக்கென அதனைத் தொடங்கினாள். அது முடியுமுன் தமக்கையின் குடும்பம் இந்தியாவுக்குப் புறப்பட்டுவிட்டது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென மலையகத் தமிழரைப் பங்கிட்டது. திரும்பியோருக்கு வேலை வழங்கும்பொருட்டுத் தமிழ்நாட்டரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டத் திட்டத்தின்கீழ் நீலகிரியின் கூடலூர்ப் பகுதியிற் பலர் குடியமர்ந்தனர். தமக்கையும் அவ்வாறே குடியமர்ந்தாள். அங்கும் குளிர் உண்டு. போர்வைதான் போய்ச் சேரவில்லை.

இக்குடும்பம் கற்பனையே. ஆயினும் உடன்படிக்கை பிரித்த குடும்பங்கள் கற்பனையல்ல; தொடங்கி முடியாது பெட்டிகளிற் கிடக்கும் கைவேலைகளும் கற்பனையல்ல. ஆகவே ஒரு வினா எழுகிறது. அந்தப் போர்வையை முடிக்க வேண்டிய கடமை அவளுக்கு உண்டா? எவரும் கேட்காத பரிசை மனத்துள் எண்ணியமை மட்டும் ஒருவரைக் கடனாளியாக்குமா?

இவ்வகைத் தையல் ஏழை மக்களின் கலை. வங்காளத்துப் பெண்கள் நைந்த சேலைகளை ஒன்றன்மேலொன்றாக அடுக்கி, அவற்றின் கரைகளிலிருந்தே நூலை உருவி, நெருங்கிய ஓட்டுத்தையலால் இணைப்பர். அதனைக் ‘காந்தா’ என்பர். தமிழில் வழங்கும் ‘கந்தை’ என்னும் சொல்லும் அதற்கு உறவுடையதே. தமிழ்க் குடும்பங்களிலும் சேலையின் வாழ்வு நெடியது. உடுத்து நைந்தபின் அது குழந்தைக்கு ஏணையாகும், பின்னர் விரிப்பாகும், இறுதியில் அடுப்படித் துணியாகும். அத்தகைய சேலைகளை வெட்டி இணைத்த போர்வை குடும்பத்தின் பல வயதுகளை ஒன்றாகத் தைத்து வைத்திருப்பது.

வினாவுக்கு முதலில் எழக்கூடிய விடை எளியது. போர்வையின் பயன் குளிர் காத்தல். கடைவீதியில் ஒரு கம்பளியை விலைக்கு வாங்கி அனுப்பிவிட்டால் அப்பயன் நிறைவேறிவிடும். பிறகு கடமை என்று எஞ்சுவது யாது? இவ்விடை பொருளை மட்டும் நோக்குகிறது, கொடுப்பவரை நோக்கவில்லை. அமெரிக்கச் சிந்தனையாளர் எமேர்சன் பரிசுகளைப் பற்றி 1844இல் வெளியிட்ட கட்டுரையில், உண்மையான பரிசு கொடுப்பவர் தம்மில் ஒரு பகுதியைத் தருவதே என்று கருதினார். ஒரு பெண் தானே தைத்த கைக்குட்டையைத் தருவதை அதற்கு எடுத்துக்காட்டுகளுள் ஒன்றாக்கினார். தையலிற் கழிந்த மாலைப்பொழுதுகள் மீண்டும் வாரா. அவற்றைப் பிறர்பொருட்டுச் செலவிட்டமையே அப்பரிசின் உள்ளீடு.

ஆயின் இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். கையாற் செய்ததெல்லாம் உயர்ந்தது, விலைக்கு வாங்கியதெல்லாம் தாழ்ந்தது என்று கூறுதல் உண்மையாகாது. கூலியில் மிச்சம்பிடித்து மகனுக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்கும் தாய் தன்னிற் பகுதியைத் தரவில்லை என்று யார் கூற முடியும்? அச்சப்பாத்தும் அவளுடைய நாட்களாலேயே செய்யப்பட்டது. மேலும், கைவேலையைப் போற்றுவோர் கைகளின் நிலையை மறந்துவிடுதல் எளிது. கொழுந்து பறிக்கும் பெண்ணின் நாள் காலைப் பெரட்டோடு தொடங்குகிறது. அவளுடைய விரல்களின் வேகம் கொழுந்தின் நிறையாக அளக்கப்படுகிறது. வீடு திரும்பினால் அடுப்பும் பிள்ளைகளும் காத்திருக்கும். பகல் முழுவதும் அவளுடைய கைகள் பிறருக்குரியன. இரவில் விளக்கடியில் அமர்ந்து தைக்கும் சிறுபொழுது மட்டுமே அவளுடையது. வசதியுள்ளோருக்குத் தையல் பொழுதுபோக்காகலாம். இவளுக்கோ அது தனக்கென்றும் சிறிது நேரம் உண்டு என்பதை நிலைநாட்டும் செயல். எனவே அவள் முடிக்காது விட்டதைச் சோம்பல் என்று பழிக்கும் உரிமை எவருக்குமில்லை. வினாவை அவளே தன்னிடம் கேட்டுக்கொள்ளும்போதுதான் அது அறவினா ஆகிறது.

அதே மாத்தளையில் வேறொரு தையலும் உண்டு. அலுவிகாரைக் குடும்பத்தில் வந்த பத்திக் கலைஞர் ஏனா டி சில்வா (1922 - 2015) அவ்வூர்ப் பெண்களைக் கொண்டு பத்திக், பூவேலைத் தையல் முதலிய கைவேலைகளைத் தொழிலாக வளர்த்தார். சந்தைக்குத் தைக்கும் வேலை உரிய நாளில் முடிந்துவிடுகிறது; ஏனெனில் அதற்கு ஒரு விலையும் தவணையும் உண்டு. பரிசுக்குத் தைக்கும் வேலை முடிவதில்லை. ஏனெனில் அதனைக் கேட்டு எவரும் வாயிலில் நிற்பதில்லை. வாங்குபவர் கேட்பார், தமக்கை கேட்கமாட்டாள். அன்புக்குரியோர் பொருட்டுச் செய்யும் வேலை பின்தள்ளப்படுவதற்கு அன்பின் குறைவு காரணமன்று. அவர்கள் பொறுப்பார்கள் என்ற நம்பிக்கையே காரணம். அவர்களுடைய பொறுமைக்கு அவர்களே விலை கொடுக்கின்றனர். இது பலர் வாழ்விலும் நிகழ்வது; எனினும் நீதியானதன்று.

இரண்டாவது விடை மேலும் நுட்பமானது. கருத்தே முதன்மை, கைப்பொருள் பின்னதே, தமக்கையிடம் அன்பு இருந்தமையாற் போர்வை முடியாவிடினும் குறையில்லை என்பது அது. ஜேர்மன் மெய்யியலாளர் இம்மானுவேல் காண்ட் இதற்குத் துணைநிற்பவர்போலத் தோன்றுவார். 1785இல் வெளிவந்த ஒழுக்கவியல் நூலில், நற்சித்தம் ஒரு பயனையும் விளைக்க இயலாது போயினும் மணியைப்போலத் தன்னொளியாலேயே விளங்கும் என்று அவர் கருதினார். ஆயின் அவ்விடத்திலேயே அவர் ஒரு வரையறையையும் இடுகிறார். நற்சித்தம் என்பது வெறும் விருப்பமன்று. தன் ஆற்றலுக்கு உட்பட்ட வழிகள் அனைத்தையும் திரட்டி முயலும் சித்தமே அது. இவ்வரையறையை ஏற்றால், தமக்கை புறப்பட்ட ஆண்டிற் போர்வையை முடிக்க இயலாமற்போனது குற்றமாகாது. அதன்பின் வந்த பல்லாண்டுகளில் ஊசியை எடுக்க இயன்றபோதும் எடுக்காமல், ‘என்றேனும் முடிப்பேன்’ என்ற எண்ணத்தை மட்டும் காத்துவந்ததே கேள்விக்குரியது. அவ்வெண்ணம் தமக்கைக்கு ஒன்றையும் தரவில்லை. தைத்தவளுக்கு மட்டும் தான் கொடுப்பவள் என்ற நிறைவைத் தந்துகொண்டிருந்தது.

இவ்விடத்தில் வள்ளுவர் நினைவுக்கு வருகிறார். வினைசெயல்வகை என்னும் அதிகாரத்தில், முடிக்காது விட்ட வினையின் மிச்சத்தையும் தீர்க்காது விட்ட பகையின் மிச்சத்தையும் அணைக்காது விட்ட தீயின் மிச்சத்துக்கு அவர் ஒப்பிடுகிறார். அவர் ஆளும் சொல் ‘எச்சம்’ என்பது. தமிழில் அச்சொல்லுக்குப் பல பொருள்கள் உண்டு. எஞ்சி நிற்பது எச்சம். ஒருவருக்குப்பின் எஞ்சும் மக்களும் எச்சமே. நடுவுநிலைமை அதிகாரத்தில் வரும் அச்சொல்லுக்குப் பரிமேலழகர் மக்கள் என்றே பொருள்கொள்வார். இலக்கணத்திலோ பொருள் முடியாது நின்று, முடிக்கும் சொல்லை வேண்டுவது எச்சம்.

‘தைத்து’ என்பது வினையெச்சம். அதனைக் கேட்பவர் அடுத்த சொல்லுக்குக் காத்திருப்பர். அவ்வெச்சம் கொள்ளும் முற்று யாது? ‘தைத்து முடித்தாள்’ எனலாம். ஆயின் பரிசுக்கெனத் தொடங்கிய தையலுக்கு அது உண்மையான முற்றன்று. தைத்து முடித்து அதே பெட்டியில் வைத்துவிட்டால் வாக்கியம் இன்னும் முடியவில்லை. ‘தைத்துக் கொடுத்தாள்’ என்பதே அதன் முற்று. கையை விட்டு நீங்காத கொடை கொடையாகாது; அது நீங்கும்வரை கொடுப்பவரின் உடைமையாகவே இருக்கிறது. பரிசைப் பொறுத்தவரை முடித்தல் என்பது வேலையின் நிறைவு மட்டுமன்று, உடைமை கைமாறுதலுமாகும்.

முடியாதவையெல்லாம் குற்றம் என்றும் கொள்ளலாகாது. கிரேக்கக் காவியமாகிய ஒடிசியில் பெனலோப்பி தன் மாமனார் லேர்ட்டீசுக்கென ஈமத்துணி நெய்கிறாள். அது முடிந்ததும் மறுமணத்துக்கு இசைவதாகக் கூறியமையாற் பகலில் நெய்ததை இரவிற் பிரித்துவிடுகிறாள். இவ்வாறு மூன்று ஆண்டுகள் கடத்துகிறாள். அவளுடைய நெசவு முடியாதிருந்தது அவள் பற்றுறுதியின் விளைவு. எனவே முடியாமை தன்னளவிற் பழிக்குரியதன்று. பெனலோப்பி தன் நெசவை நாள்தோறும் கையிலெடுத்தாள்; ஏன் முடிக்கவில்லை என்பதை அறிந்திருந்தாள். தகரப் பெட்டியிலுள்ள போர்வையையோ எவரும் கையிலெடுக்கவில்லை. மனமறிந்த தாமதம் வேறு. மறதிக்கு இட்ட நற்பெயராகிய தாமதம் வேறு.

அவ்வாறாயின் முடிப்பது எங்ஙனம்? மாத்தளை மண்ணிலேயே இதற்கு ஒரு பழைய வழிகாட்டல் உண்டு. வாய்மொழியாக வழங்கிவந்த பௌத்த மறைநூல்கள், கி.மு. முதலாம் நூற்றாண்டில் வலகம்பா மன்னன் காலத்தில், மாத்தளை நகருக்கு அண்மையிலுள்ள அலுவிகாரையில் ஏடுகளில் எழுதப்பட்டன என்பது மரபு. அந்நூல்களுள் ஒன்றாகிய விநயபிடகம் துறவிகளின் ஆடையைப் பற்றி விரிவாகக் கூறுகிறது. மகத நாட்டு வயல்களின் வரப்பமைப்பைப் புத்தர் ஆனந்தருக்குக் காட்டி, அவ்வாறே துண்டுகளை இணைத்து ஆடை அமைக்கக் கூறினார் என்பது அதிலுள்ள செய்தி. துண்டுகளாக வெட்டிய துணிக்குச் சந்தையில் மதிப்பில்லை, திருடரும் விரும்பார். துறவியின் ஆடை ஒருவகை ஒட்டுத்துணி ஆடையே.

மழைக்காலத் தங்கலின் முடிவில் வழங்கும் கடின ஆடைக்கு மேலும் ஒரு விதி உண்டு. துணியைப் பெற்ற நாளிலேயே வெட்டி, தைத்து, சாயமிட்டு முடித்துவிட வேண்டும். ‘கடினம்’ என்பது துணியை விரித்துக் கட்டித் தைப்பதற்குரிய சட்டத்தின் பெயர். ஒருவராற் செய்ய இயலாத வேலையாதலின் துறவிகள் பலர் கூடித் தைப்பர். இன்றும் இலங்கையில் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிற் கடினப் பிங்கம நடைபெறுகிறது.

சமயச் சடங்கு என்ற அளவில் நில்லாது நோக்கினால், இவ்விதியில் இரு உண்மைகள் உள்ளன. ஒன்று, பரிசுக்குத் தவணை வேண்டும். தவணையில்லாத நல்லெண்ணம் நாளை நாளை என்று நழுவும். கேட்பவர் இல்லாதவிடத்துக் கொடுப்பவரே தமக்குத் தவணை இட்டுக்கொள்ள வேண்டும். மற்றொன்று, பரிசு ஒரே கையின் வேலையாக இருக்க வேண்டியதில்லை. நானே தொடங்கினேன், நானே முடிப்பேன் என்பதில் அன்போடு தன்முனைப்பும் கலந்திருக்கிறது. கண் மங்கிய மூதாட்டி நூல்கோக்கப் பேத்தியை அழைத்தாற் போர்வையின் பெருமை குறைந்துவிடாது. பெட்டியிற் கிடக்கும் வேலைகள் பல முடியாதிருப்பதற்கு, உதவி கேட்க நாணுவதும் ஒரு காரணம்.

இறுதியாக ஓர் இடர்ப்பாடு எஞ்சுகிறது. பெறுபவர் மாறிவிட்டால், அல்லது மறைந்துவிட்டால், முற்று ஏது? அன்றைய குழந்தைக்கு இன்று ஐம்பது வயது கடந்திருக்கும். ஏணையளவுப் போர்வை அவருக்குப் பயன்படாது. தமக்கை உயிரோடில்லாதிருக்கவும் கூடும். 1987ஆம் ஆண்டு ஒக்டோபர் 11ஆம் திகதி வாசிங்டனில் எய்ட்ஸ் நினைவுப் போர்வை முதன்முதலாக விரிக்கப்பட்டது. அதில் 1,920 தையற் பலகங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு புதைகுழியின் அளவாக, மூன்றடி அகலமும் ஆறடி நீளமும் கொண்டது. ஒவ்வொன்றும் நோயால் இறந்தவரின் பெயர் தாங்கி, அவரை நேசித்தோராற் பெரும்பாலும் தைக்கப்பட்டது. இறந்தவர்கள் அவற்றைப் போர்த்திக்கொள்ள மாட்டார்கள். ஆயினும் அவை கொடுக்கப்பட்டன. அவர்களை மறக்க விரும்பிய சமுதாயத்தின் கண்முன் கொடுக்கப்பட்டன. பெறுபவர் மறைந்தபின்னும் கொடை தனக்குரிய வேறு கைகளைத் தேடிக்கொள்ள முடியும் என்பதற்கு அது சான்று.

எனவே கடமை எத்தகையது என்பது ஓரளவு தெளிவாகிறது. தொடங்கியவற்றையெல்லாம் தொடங்கியவாறே முடித்தாக வேண்டும் என்று அறம் வற்புறுத்தவில்லை. தைத்துக் கொடுக்கலாம். தைத்தவரையிற் போதும் என்று ஓரம் மடித்துச் சிறு விரிப்பாகக் கொடுக்கலாம். துண்டுகளை வேறொருவர் கையில் ஒப்படைக்கலாம். இனி இயலாது என்று ஏற்றுக்கொண்டு பிரித்தும் விடலாம். இவை யாவும் முற்றுக்களே. செய்யலாகாதது ஒன்றே: செய்யவும் மாட்டாமல், விடவும் மாட்டாமல், பெட்டியை மூடிவைத்துவிட்டுக் கொடுத்தவர்போல மனநிறைவு கொள்ளுதல்.

அம்மூதாட்டி ஒருநாள் பெட்டியைத் திறந்து, துருவேறிய ஊசியைக் கழற்றிவிட்டுப் புதிய ஊசியைக் கோத்துத் தரும்படி பேத்தியைக் கேட்பாளாயின், அன்றே முடிவு தொடங்கிவிடும். தமக்கையின் சேலைத் துண்டும் அவளுடைய சேலைத் துண்டும் அருகருகே வரும். தையல் முன்போல நேராக அமையாது. நூலின் நிறமும் மாறியிருக்கும். தைத்த போர்வை கூடலூருக்குப் போகலாம். அன்றேல் அதே லயத்தில் அடுத்துப் பிறக்கும் குழந்தையின் ஏணைக்குப் போகலாம். எங்கு போயினும் அது பெட்டியை விட்டுப் போயிருக்கும்.