அடுத்த கைக்கு

உங்கள் வீட்டு பீரோவில், அப்பாவோ தாத்தாவோ கட்டியிருந்த சாவி கொடுக்கும் கைக்கடிகாரம் ஒன்று கிடக்கிறதா? பெரும்பாலும் அது எச்.எம்.டி. ஜனதாவாகவோ பைலட்டாகவோ இருக்கும். முதல் மாதச் சம்பளத்தில் வாங்கியிருப்பார். இல்லையென்றால் கல்யாணத்தில் மாமனார் வீட்டார் போட்டிருப்பார்கள். நின்று பல வருடம் ஆகியிருக்கும். "கெட்டுப்போச்சு" என்று சொல்லிவிட்டோம். ஆனாலும் தூக்கிப் போட மனம் வரவில்லை.

இப்படி நின்றுபோன கடிகாரங்களைத் தேடி வாங்கி, பிரித்து, கழுவி, எண்ணெய் இட்டு, மறுபடியும் ஓடவிடுவதைப் பொழுதுபோக்காக வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது பிழைப்பு இல்லை. பகலில் வங்கியிலோ பள்ளிக்கூடத்திலோ வேலை. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மேசை விளக்கு, கண்ணில் ஒரு லென்ஸ், கையில் ட்வீசர், அவ்வளவுதான். அந்த மேசையில் பழகும் ஒரு நல்ல வழக்கத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். நாம் கொடுக்கும் சாவியில் மெயின் ஸ்பிரிங் என்ற நீளமான எஃகுச் சுருள் இறுகுகிறது. அது மெல்ல விரியும்போது பல்சக்கரங்களைத் தள்ளுகிறது. அந்தத் தள்ளலைத் துளித்துளியாக அளந்து விடுவது பேலன்ஸ் வீலும், அதன் நடுவில் இருக்கும் மெல்லிய ஹேர் ஸ்பிரிங்கும். ஜனதா, பைலட் போன்ற கடிகாரங்களில் விநாடிக்கு 5 டிக் கேட்கும். ஒரு மணி நேரத்துக்கு 18,000. நிற்காமல் ஒரு வருடம் ஓடினால் 15 கோடியே 76 லட்சத்து 80 ஆயிரம். இத்தனை அசைவையும் தாங்குகிற பேலன்ஸ் தண்டின் முனை ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு பருமன்தான். அது தேயாமல் இருக்கத்தான் மாணிக்கக் கல்லில் குழி செய்து உட்கார வைக்கிறார்கள். டயலில் "17 ஜுவல்ஸ்" என்று போட்டிருப்பது இந்தக் கற்களைத்தான். ஆலையில் உருக்கிச் செய்த கற்கள் என்பதால் நகைக்கடையில் விலை போகாது. கடிகாரத்துக்கு ஆயுள் தருவது அவைதான்.

இவ்வளவு உழைத்த கடிகாரம் ஏன் நிற்கிறது? பல நேரங்களில் உள்ளே எதுவுமே உடைந்திருக்காது. இட்ட எண்ணெய் சில வருடங்களில் காய்ந்து, தூசியோடு சேர்ந்து, சமையலறை ஜன்னல் கம்பியில் படிகிற பிசுக்கைப் போல இறுகிவிடும். ஸ்பிரிங்கில் பலம் இருந்தும் சக்கரம் நகராது. கழுவி, தேவையான இடத்தில் தேவையான அளவு எண்ணெய் வைத்தால் ஓடிவிடும். அந்த அளவுதான் சூட்சுமம். கல்லில் உள்ள சின்னக் குழி பிடித்துக்கொள்ளும் அளவுக்கு மேல் போனால், எண்ணெய் அங்கே தங்காமல் வழிந்து ஓடிவிடும், தண்டு வறண்டுவிடும். கூட வைத்தாலும் குறைவாக வைத்தாலும் முடிவு ஒன்றுதான்.

பிரிப்பதற்கும் ஒரு வரிசை உண்டு. எந்தத் திருகிலும் கை வைப்பதற்கு முன், ஸ்பிரிங்கில் மிச்சமிருக்கும் இறுக்கத்தை மெல்ல இறக்கிவிட வேண்டும். இறக்காமல், சக்கரங்களைத் தடுத்து நிற்கும் பாகத்தை எடுத்துவிட்டால், அடைபட்டிருந்த பலம் முழுவதும் ஒரே நொடியில் பாயும். சக்கரத் தண்டின் நுனி முறியும், பல் உடையும். பழகிய கைகளுக்குப் பொறுமை என்றால் இந்த வரிசையை மீறாமல் இருப்பதுதான்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். பழைய கடிகாரத்தின் பின்மூடியைத் திறந்து, அந்த மூடியின் உட்புறத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தால், ஊசியால் கீறிய சின்னச் சின்ன எழுத்துகள் தெரியும். ஒரு தேதி, ஒரு ரசீது எண், இரண்டு முதலெழுத்துகள், இல்லையென்றால் கீறியவருக்கு மட்டுமே புரிகிற ஒரு குறி. முன்பு சர்வீஸ் செய்தவர்கள் வைத்த அடையாளம் அது. கடிகாரத்தைக் கட்டியிருந்தவருக்கு இப்படியொன்று இருப்பதே தெரியாது. அடுத்து திறக்கப் போகிறவர் பார்ப்பார் என்பதற்காக அதை எழுதினார்கள். திறந்த ஒவ்வொருவரும் தனக்குப் பின்னால் இன்னொருவர் வருவார் என்று நம்பியிருக்கிறார்.

இந்த நம்பிக்கையைப் பெரிய அளவில் செயலில் காட்டிய ஒரு மனிதர் இங்கிலாந்தில் இருந்தார். ரூபர்ட் கூல்ட். கடற்படை அதிகாரி. முதல் உலகப் போர் தொடங்கிய 1914-இல் மனம் உடைந்து நோயில் விழுந்தார். அதன் பிறகு கப்பலை விட்டு, கடல் வரைபடங்கள் தயாரிக்கும் அலுவலகத்தில் வேலை பார்த்தார். 1920-இல், கிரீனிச் வானாய்வகத்துக்குச் சொந்தமான நான்கு பழைய கடிகாரங்களை அவர் பார்க்க நேர்ந்தது. அழுக்கேறி, பச்சைக் களிம்பு பிடித்து, யாரும் கவனிக்காமல் கிடந்தன.

அவை யாருடையவை தெரியுமா? ஜான் ஹாரிசன் என்ற தச்சர் 18-ஆம் நூற்றாண்டில் செய்தவை. நடுக்கடலில் கப்பல் கிழக்கு மேற்காக எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்க முடியாமல் மாலுமிகள் திண்டாடிய காலம் அது. அதற்கு ஆடுகிற கப்பலிலும் சரியான நேரம் காட்டும் கடிகாரம் வேண்டும். ஹாரிசன் தன் ஆயுளையே அதற்குக் கொடுத்தார். 1735-இல் முடித்த முதல் கடிகாரத்தின் எடை சுமார் 34 கிலோ. 1759-இல் முடித்த நான்காவது, உள்ளங்கையை நிறைக்கும் அளவுதான். 1761-இல் ஜமைக்காவுக்குப் புறப்பட்ட கப்பலில் அதை ஏற்றிச் சென்றார்கள். 81 நாள் கழித்துச் சோதித்தபோது சுமார் 5 விநாடிதான் பின்தங்கியிருந்தது.

அந்தக் கடிகாரங்களைச் சரிசெய்ய கூல்ட் அனுமதி கேட்டார். வானாய்வகத் தலைவர் கொடுத்தார். கூல்ட் கடிகாரத் தொழில் படித்தவர் இல்லை. ஊதியமும் கிடையாது. நடுவில் குடும்பம் பிரிந்தது, உடல்நலம் கெட்டது. வேலையை மட்டும் விடவில்லை. நான்கும் முடிந்தபோது 1933 ஆகிவிட்டது. பிற்பாடு பி.பி.சி. வானொலியில் குழந்தைகளுக்கான நிகழ்ச்சியில் பேசி, அந்தக் காலத்து நேயர்களுக்குப் பிடித்த குரலாகவும் ஆனார்.

கூல்ட் செய்த இன்னொரு காரியம்தான் எனக்கு மிகப் பெரிதாகத் தெரிகிறது. பிரித்ததை எல்லாம் அவர் படமாக வரைந்தார். செய்ததை எல்லாம் எழுதினார். 18 குறிப்பேடுகள் நிறைந்தன. ஹாரிசன் தன் முதல் கடிகாரங்களைப் பற்றிப் பின்வருகிறவர்களுக்குத் தெளிவான விளக்கம் எழுதி வைக்கவில்லை; அந்தக் கஷ்டத்தை முழுவதும் பட்டவர் கூல்ட். அதே கஷ்டம் அடுத்தவருக்கு வரக் கூடாது என்று அவர் பார்த்துக்கொண்டார். இன்று கிரீனிச் அருங்காட்சியகத்துக்குப் போனால் முதல் மூன்று கடிகாரங்களும் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். நான்காவதும் ஓடக்கூடியதுதான். ஆனால் அதற்கு எண்ணெய் வேண்டும், ஓடினால் தேயும் என்பதால், வருங்காலத்தவருக்காக அதை நிறுத்தியே வைத்திருக்கிறார்கள்.

நேயர்களே, நம் எச்.எம்.டி. கடிகாரத்துக்கு வருவோம். 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கிய நிறுவனம் அது. அதன் கடிகாரப் பிரிவை மூடுவதென்று 2016-இல் மத்திய அரசு முடிவு செய்தது. ஆலை போய்விட்டது. அது செய்த கடிகாரங்கள் இன்னும் பலர் கையில் ஓடுகின்றன. திருகாணியைக் கழற்றித் திறக்கலாம், தேய்ந்ததை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போடலாம் என்ற எண்ணத்தோடு செய்தவை அவை. இன்று நாம் வாங்கும் எத்தனையோ பொருள்களைப் பசை போட்டு ஒட்டி அனுப்புகிறார்கள். திறந்தால் உடையும், உடைந்தால் புதிது வாங்க வேண்டும்.

நல்ல கடிகாரப் பிரியர்கள் இதில் கண்டிப்பானவர்கள். திருகாணியின் தலை சிதையாமல், அதற்குச் சரியான அளவு ஸ்க்ரூடிரைவரைத்தான் எடுப்பார்கள். அவசரத்துக்கு எந்த இடத்திலும் பசை வைக்க மாட்டார்கள். பிரிக்கும்போதே ஒவ்வொரு கட்டத்தையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்வார்கள். கடிகாரம் ஓடினால் மட்டும் போதாது. அடுத்தவர் திறந்து பார்த்து முகம் சுளிக்காமல் இருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

இந்தக் கணக்கு நமக்கும் பொருந்தும். வீட்டுக்கு வயரிங் செய்கிறவர் எந்த ஸ்விட்ச்சுக்கு எந்த வயர் என்று குறித்து வைத்தால், பத்து வருடம் கழித்து வருகிறவர் சுவரை உடைக்க வேண்டியதில்லை. மாற்றலாகிப் போகிற அலுவலர் கோப்பில் தெளிவாக ஒரு பக்கம் எழுதி வைத்தால், ஒரு முதியவரின் ஓய்வூதியம் மாதக்கணக்கில் தள்ளிப்போகாது. பத்திரம் எங்கே, காப்பீடு எந்த நிறுவனத்தில், வங்கிக் கணக்கு எத்தனை என்று அப்பா ஒரு நோட்டில் எழுதி வைத்தால், பிள்ளைகள் பிறகு அலைய மாட்டார்கள். "எனக்குத்தான் தெரியும்" என்பதில் சிலருக்குப் பெருமை. அந்தப் பெருமையின் சுமையைச் சுமப்பவர்கள் பின்னால் வருகிறவர்கள்.

கடிகாரத்தில் ஆர்வம் வந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. அப்பாவின் கடிகாரத்தில் கற்றுக்கொள்ளத் தொடங்காதீர்கள். மலிவாகக் கிடைக்கும், ஓடுகிற கடிகாரம் ஒன்றை வாங்கிப் பிரித்துச் சேர்த்துப் பழகுங்கள். சேர்த்த பிறகு ஓடவில்லை என்றால் காரணம் உங்கள் கையில்தான் இருக்கிறது என்பது உடனே தெரிந்துவிடும். இரண்டாவது, 1970-களுக்கு முந்தைய, இருட்டில் மின்னும்படி முள்ளிலும் எண்ணிலும் பூச்சு பூசிய கடிகாரத்தை நீங்களாகத் திறக்க வேண்டாம். அதில் ரேடியம் இருக்கலாம். அந்தப் பூச்சின் தூசி மூச்சில் போனால் ஆபத்து. அப்பாவின் கடிகாரத்தை ஊரில் இருக்கும் அனுபவமுள்ள வாட்ச் ரிப்பேர்க்காரரிடம் கொடுங்கள். அந்தத் தொழிலில் இருப்பவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். நாம் வேலை கொடுத்தால்தான் அவர்கள் கடை திறந்திருக்கும்.

இன்று நீங்கள் எந்த வேலையைக் கையில் எடுத்தாலும், முடிக்கும் நேரத்தில் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். நான் இல்லாதபோது இன்னொருவர் இதைத் திறந்து, புரிந்துகொண்டு, தொடர முடியுமா? முடியாது என்றால், அந்த வேலை இன்னும் முடியவில்லை.