புத்தூர் மணப்பெண்ணை யார் விசாரித்தார்கள்?

சேக்கிழாரின் பெரியபுராணத்தில் வரும் தடுத்தாட்கொண்ட புராணத்தை ஒரு வழக்காகவும் படிக்கலாம். புத்தூரில் சுந்தரருக்குக் கல்யாணம். முகூர்த்த வேளையில் ஒரு கிழவர் வந்து, இவன் எனக்குப் பரம்பரை அடிமை என்று ஓலையைக் காட்டுகிறார். சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழிக்கிறார். விவகாரம் திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறது. வழக்காறு, ஆவணம், சாட்சி, இவற்றில் எது உம்மிடம் உண்டு என்று சபையார் கேட்க, மூல ஓலை வருகிறது. பாட்டனாரின் கையெழுத்தோடு ஒத்துப் பார்த்துச் சுந்தரர் தோற்றார் என்று தீர்த்துவிடுகிறார்கள். நல்ல விசாரணைதான். ஆனால் அந்தத் தீர்ப்பால் வாழ்க்கை நின்றுபோனவள் ஒருத்தி பந்தலில் இருந்தாள்: சடங்கவி சிவாசாரியாரின் மகள். அவளுடைய பெயரைக்கூட நூல் சொல்லவில்லை.

நியூசிலாந்தின் ஆக்லாந்தில், மவுண்ட் வெல்லிங்டன் பகுதியில், மவுங்கரெய் மலையடியில் உள்ள ஒரு வீட்டில், வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் சில கிழடுகள் கூடிப் பெரியபுராணம் படிக்கிறோம். அவளை ஏன் யாரும் விசாரிக்கவில்லை என்று கேட்டேன். பக்கத்திலிருந்த அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அவள் சிவலோகம் சேர்ந்தாள் எண்டு சேக்கிழார் பாடியிருக்கிறாரே தம்பி, அதுக்கு மேல என்ன வேணும்?"

சிவலோகத்தோடு வாதாட யாரால் முடியும்? ஆனாலும் என் மனம் சில்வியா கார்ட்ரைட்டிடம் போனது. 1981இல் இந்நாட்டில் குடும்ப நீதிமன்றம் தொடங்கிய ஆண்டிலேயே அதில் நீதிபதியானவர். அது விசித்திரமான நீதிமன்றம். வழக்காடுவது தாயும் தகப்பனும். முடிவைச் சுமப்பது பிள்ளை. பிள்ளை தன் எண்ணத்தைச் சொல்ல வாய்ப்புத் தரவேண்டும், சொன்னதைக் கணக்கில் எடுக்கவேண்டும் என்கிறது இப்போதுள்ள 2004ஆம் ஆண்டுச் சட்டம். பிள்ளைக்கென்று தனி வழக்கறிஞரையும் நீதிமன்றம் நியமிக்கலாம். பிள்ளை கேட்டதே தீர்ப்பாக வேண்டும் என்றில்லை. கேளாமல் தீர்க்கக்கூடாது, அவ்வளவுதான்.

முடிவைச் சுமப்பவரைக் கேட்டார்களா என்ற இதே கேள்வியைக் கார்ட்ரைட்டின் பிந்திய வேலைகளிலும் காண்கிறேன். ஆக்லாந்து நேஷனல் விமன்ஸ் மருத்துவமனையில், கருப்பை வாயில் புற்றுநோய்க்கு முந்திய மாற்றம் கண்ட பெண்கள் பலருக்கு முறையான சிகிச்சை தராமல், அது எப்படிப் போகிறது என்று 1966 முதல் கவனித்துக்கொண்டிருந்தார்கள். தாம் ஓர் ஆராய்ச்சிக்குள் இருக்கிறோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது. சிலர் இறந்தார்கள். 1987இல் விசாரணை கார்ட்ரைட்டிடம் வந்தது. அடுத்த ஆண்டு வந்த அறிக்கையின் வழியேதான் 1996இல் நோயாளர் உரிமைக் கோவை பிறந்தது. கிளினிக்கில் இன்று என் சம்மதத்தைக் கேட்டுத்தான் ஊசி போடுகிறார்கள்.

பிறகு அவர் ஆளுநர் நாயகமானார், கம்போடியத் தீர்ப்பாயத்தில் நீதிபதியாகவும் இருந்தார். 2014இல் இலங்கை பற்றிய ஐ.நா. மனித உரிமை அலுவலக விசாரணைக்கு ஆலோசனை சொல்ல மூவர் நியமிக்கப்பட்டார்கள்: மார்ட்டி அத்திசாரி, அஸ்மா ஜஹாங்கீர், கார்ட்ரைட். விசாரணையாளர்களை நாட்டுக்குள்ளே விட இலங்கை அரசு மறுத்தது. ஆனாலும் சாட்சியங்கள் சேர்ந்தன. 2015 செப்டம்பரில் அறிக்கை வந்தது. அதன் பிறகும் பதில் கிடைக்காத, காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தெருவோரம் போராட அமர்ந்தார்கள். இழப்பீடு தருகிறோம், மரணச் சான்றிதழ் தருகிறோம் என்று அரசு சொன்னபோது வேண்டாம் என்ற தாய்மார் பலர். பிள்ளை எங்கே என்பதே அவர்களின் கேள்வி.

அக்காவுக்கு என் மறுமொழியும் இதுதான். சிவலோகம் அருள். அருள் எவ்வளவு பெரிதானாலும் விசாரணையின் இடத்தை அது நிரப்பாது. இதற்குச் சேக்கிழாரே எனக்குச் சாட்சி. புத்தூரில் கிழவராக ஓலையோடு வந்த அதே சிவபெருமான், பின்னொரு நாள் திருவாரூரில் ஊடியிருந்த மனைவி பரவையாரிடம் சுந்தரருக்காக நள்ளிரவில் தூது நடக்கிறார். பரவையார் முடியாது என்கிறார். பெருமான் திரும்பிப் போய், மறுபடியும் வருகிறார். கையில் ஓலை இல்லை. அந்தப் பெண்ணின் சம்மதத்துக்காகவே தெருவில் இரண்டு தடவை நடந்தவர் அவர்.

அக்கா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. திருவெண்ணெய்நல்லூர்ச் சபை பாதி வழக்கைத்தான் விசாரித்தது என்பதே என் கட்சி.