சந்திரனில் பாங்கு கேட்டதா?

எதைப் பற்றியும் ஒரு கருத்துச் சொல்ல நாம் எப்போதும் ஆயத்தமாக இருக்கிறோம். மின்விசிறி எப்படிச் சுழல்கிறது என்று ஒரு சிறுவன் கேட்டால் திகைத்து நிற்போம். ஆனால் விண்வெளியைப் பற்றியும், மருந்துகளைப் பற்றியும், பூமிக்கு அடியில் இருப்பவற்றைப் பற்றியும் தேநீர்க் கடை பெஞ்சில் அமர்ந்து தீர்ப்பு வழங்குவோம். இப்போது கைபேசியும் வந்துவிட்டது. ஒரு விரல் பட்டால் போதும், நமது தீர்ப்பு நூறு வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

இவற்றுள் பெரும்பாலானவை பொழுதுபோக்குப் பேச்சுகள். கேட்டவர் எழுந்து போகும்போதே காற்றோடு போய்விடும். ஆனால் அதே பேச்சுக்கு மார்க்கத்தின் சட்டையை மாட்டிவிட்டால் அது காற்றோடு போவதில்லை. உள்ளத்தில் குடியேறிவிடுகிறது. அத்தகைய ஒன்றைப் பற்றித்தான் இங்கே சிந்திக்கப் போகிறோம்.

நம்மில் பலர் சிறு வயது முதல் கேட்டு வந்த கதை இது. சந்திரனில் முதன்முதலாகக் காலடி வைத்த நீல் ஆம்ஸ்ட்ராங் அங்கே ஓர் இனிய ஓசையைக் கேட்டாராம். அது என்னவென்று அவருக்குப் புரியவில்லையாம். பிற்காலத்தில் எகிப்து நாட்டுக்குச் சென்றபோது பள்ளிவாசல் மினாராவிலிருந்து பாங்கு ஒலிக்க, "இதே ஓசையைத்தான் சந்திரனில் கேட்டேன்" என்று சொல்லி இஸ்லாத்தைத் தழுவினாராம். மேடைகளில் இதைச் சொல்லும்போது கூட்டத்தில் தக்பீர் முழங்கும். கேட்பவர் கண்கள் பனிக்கும்.

உண்மை என்ன? அப்போலோ 11 விண்கலம் 1969 ஜூலை 20 அன்று சந்திரனில் இறங்கியது. ஆம்ஸ்ட்ராங்கும் உடன் சென்ற ஆல்ட்ரினும் கலத்துக்கு வெளியே நடமாடியது சுமார் இரண்டரை மணி நேரம். சந்திரனில் காற்று மண்டலம் இல்லை. ஓசை பரவுவதற்குக் காற்றைப் போன்ற ஏதாவதொரு பொருள் வேண்டும். அது இல்லாத வெற்றிடத்தில் ஓசை பரவாது. அருகருகே நின்ற அவ்விருவருமே வானொலிக் கருவியின் மூலமாகத்தான் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டனர்.

இந்த வதந்தி எகிப்து, இந்தோனேஷியா, மலேஷியா என்று நாடு நாடாகப் பரவி, அவருக்கு அழைப்புகள் குவிந்தன. முடிவில் 1983 மார்ச் மாதம் அமெரிக்க வெளியுறவுத் துறை முஸ்லிம் நாடுகளிலுள்ள தன் தூதரகங்களுக்குச் செய்தி அனுப்பி, அவர் இஸ்லாத்தைத் தழுவவில்லை என்று தெரிவிக்க வேண்டியதாயிற்று. எந்த மதத்தினரையும் புண்படுத்துவது தம் நோக்கமல்ல என்பதையும் அவர் அதில் பணிவோடு சொல்லியிருந்தார். அவர் சில ஆண்டுகள் வசித்த ஊரின் பெயர் லெபனான். அது அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் இருக்கிறது. அதை அரபு நாடான லெபனான் என்று சிலர் எண்ணிக்கொண்டதும் கதைக்கு உரமாயிற்று. 2012 ஆகஸ்டில் அவர் காலமானார். கதை மட்டும் இன்னும் உயிரோடிருக்கிறது.

"இருந்துவிட்டுப் போகட்டுமே! இதனால் யாருக்கு என்ன நஷ்டம்? மார்க்கத்தின் மீதுள்ள பற்றினால்தானே சொல்கிறார்கள்? கேட்பவருக்கு ஈமான் கூடுகிறதல்லவா?" என்று சிலர் வினவுகின்றனர். நேர்மையான கேள்விதான். நல்ல நோக்கத்துக்காகச் சொல்லப்படும் உண்மையற்ற பேச்சு ஆகுமானதாகிவிடுமா என்பதே இதன் சாரம்.

முதலில் நஷ்டம் யாருக்கு என்று பார்ப்போம். மக்தபில் இந்தக் கதையைக் கேட்டு மகிழ்ந்த பிள்ளை, மறு ஆண்டு பள்ளிக்கூடத்தில் ஓசையைப் பற்றிய பாடம் படிக்கிறான். காற்றில்லாத இடத்தில் ஓசை கேட்காது என்று ஆசிரியர் கண்ணாடிக் குடுவையில் மணியை வைத்துச் செய்து காட்டுகிறார். பிள்ளையின் உள்ளத்தில் என்ன நடக்கும்? கதையை மட்டும் அவன் கைவிடுவான் என்பதற்கு என்ன உத்தரவாதம்? அந்தக் கதையைச் சொன்ன அதே நாவிலிருந்துதான் தொழுகையையும் மறுமையையும் அவன் கேட்டிருக்கிறான். ஒன்று பொய்யென்றால் மற்றதும் அப்படித்தானோ என்ற ஐயம் அந்தப் பிஞ்சு நெஞ்சில் முளைத்தால், அதற்கு அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டியவர் யார்? ஈமானைக் கூட்டுவதற்காக வைத்த முட்டு, விழும்போது சுவரையும் சேர்த்துச் சாய்த்துவிடுகிறது.

இந்தக் கேள்விக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்விலேயே தெளிவான விடை இருக்கிறது. ஹிஜ்ரி 10-ஆம் ஆண்டில் அன்னாரின் அருமை மகன் இப்ராஹீம் பால்குடி மறவாப் பருவத்திலேயே இறந்தார்கள். அன்றைய தினம் சூரிய கிரகணம் பிடித்தது. "இப்ராஹீமின் மரணத்துக்காகவே சூரியன் இருண்டது" என்று மக்கள் பேசிக்கொண்டனர். யாரும் சொல்லிக் கொடுத்துப் பேசவில்லை. அன்பின் மிகுதியால் பேசினார்கள். அந்தப் பேச்சு நபியின் மதிப்பை உயர்த்தும் பேச்சாகவும் இருந்தது. வாய் மூடி இருந்திருந்தால் போதும். ஆனால் நபியவர்கள் (ஸல்) கிரகணத் தொழுகையை முடித்ததும், சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள், எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்று மக்களுக்கு அறிவித்தார்கள். பெற்ற மகனைப் பறிகொடுத்த துயரத்திலும், தம் புகழுக்கு ஆதரவாக வந்த ஒரு தவறான கருத்தை ஒரு நாள்கூட நிலைக்க விடவில்லை! உண்மையான தூதருக்குப் பொய்யின் துணை எதற்கு?

"செயல்கள் எண்ணத்தைப் பொறுத்தவை அல்லவா?" என்று கேட்கலாம். எண்ணம் நல்ல செயலுக்கு நன்மை சேர்க்கும். ஆகுமான செயலை வணக்கமாகவும் ஆக்கும். ஆனால் பாவமான செயலை அது நன்மையாக்காது என்பதை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது இஹ்யா என்னும் நூலில் விளக்கியுள்ளார்கள். ஹதீஸ் கலையின் வரலாறும் இதற்குச் சான்று. நூஹ் பின் அபீமர்யம் என்பவர், மக்கள் குர்ஆனை விட்டும் கவனம் திரும்பிவிட்டார்கள் என்று கண்டு, ஒவ்வொரு சூராவுக்கும் சிறப்புகளைத் தாமே புனைந்து ஹதீஸாகப் பரப்பியதாக அக்கலை நூல்கள் கூறுகின்றன. நோக்கம் என்னவோ நல்லதுதான்! ஆனால் முஹத்திஸ்கள் அதை ஏற்றார்களா? இல்லை. பக்திமான்களாகத் தோன்றுவோர் இட்டுக்கட்டுவதே தீங்கில் மிகக் கொடியது, ஏனெனில் மக்கள் அவர்களை நம்பிவிடுகிறார்கள் என்று எச்சரித்தார்கள்.

இதே இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இன்னொன்றும் சொன்னார்கள். அவர்கள் வஃபாத்தானது 1111-ஆம் ஆண்டில். கிரகணங்களைப் பற்றி வானியலார் கணக்கிட்டு நிரூபித்ததை மார்க்கத்தின் பெயரால் மறுப்பவன் மார்க்கத்துக்கே தீங்கிழைக்கிறான் என்றும், முறையற்ற வழியில் மார்க்கத்துக்குத் துணை நிற்பவனால் விளையும் கேடு, அதை எதிர்ப்பவனால் விளையும் கேட்டைவிடப் பெரிது என்றும் தம் தஹாஃபுத் நூலின் முன்னுரையில் எழுதினார்கள். விஞ்ஞானத்தை அறியாமல் மறுப்பதும், அறியாமல் மார்க்கத்துக்குச் சாட்சியாக இழுப்பதும் ஒரே நோயின் இரண்டு முகங்கள்.

அப்படியானால் விஞ்ஞானத்தைப் பற்றி ஆலிம்கள் பேசவே கூடாதா? தாராளமாகப் பேசலாம், அறிந்தோரிடம் கேட்டுப் பேச வேண்டும். மலேஷிய மருத்துவர் ஷைக் முஸஃபர் ஷுக்கோர் 2007 அக்டோபர் 10 அன்று விண்வெளி நிலையத்துக்குப் புறப்பட்டார். அது ரமளானின் கடைசிப் பகுதி. அந்நிலையம் சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றிவிடுகிறது. ஒரே நாளில் ஏறத்தாழ பதினாறு முறை சூரியன் உதிக்கும். அப்படியானால் ஐவேளைத் தொழுகை எப்போது? கிப்லா எந்தப் பக்கம்? மலேஷிய உலமாக்கள் இதைத் திண்ணைப் பேச்சாக விட்டுவிடவில்லை. விஞ்ஞானிகளோடு கலந்து ஆராய்ந்து வழிமுறைகளை வெளியிட்டார்கள். விண்கலம் புறப்பட்ட இடத்தின் நேரப்படி தொழலாம். இயன்றால் கஅபாவை நோக்கலாம், இயலாவிட்டால் பூமியை நோக்கலாம், அதுவும் இயலாவிட்டால் இயன்ற திசையை நோக்கலாம் என்பது அவற்றின் கருத்து. ஆம்ஸ்ட்ராங் கதை பரவிய அதே மலேஷியாவில்தான் இந்த ஆராய்ச்சியும் நடந்தது. விண்ணில் கேட்காத பாங்கைப் பற்றிப் பெருமை பேசுவதைவிட, விண்ணிலும் விடுபடாத தொழுகையைப் பற்றிச் சிந்திப்பது எவ்வளவு மேலானது!

கேட்டதையெல்லாம் சொல்லித் திரிவதே ஒருவர் பொய்யர் ஆவதற்குப் போதும் என்பது நபிமொழியின் கருத்து. இன்று கேட்டதையெல்லாம் அனுப்பித் திரிகிறோம். இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. ஆகவே ஒரு செய்தி கைக்கு வந்ததும், இதைச் சொன்னவர் யார், அவருக்கு எப்படித் தெரியும், இத்துறை அறிந்தவர் என்ன சொல்கிறார் என்று விசாரிப்போம். ராவிகளை விசாரித்து ஹதீஸைக் காத்த சமுதாயத்துக்கு இது புதிய பழக்கமா என்ன? விடை கிடைக்காவிட்டால், "எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிடுவோம். மதீனாவின் இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் தம்மிடம் தொலைதூரத்திலிருந்து வந்து கேட்டவர்களிடமும் அந்தச் சொல்லைச் சொல்லத் தயங்கியதில்லை. அதனால் அவர்களின் மதிப்புக் குறையவில்லை. அவர்கள் "தெரியும்" என்று சொன்னவற்றின் மதிப்புத்தான் உயர்ந்தது.

செவியும் பார்வையும் உள்ளமும் விசாரிக்கப்படும் நாள் ஒன்று இருக்கிறது. அந்நாளில் தலைகுனியாதிருக்க, அறிந்ததை மட்டும் பேசும் நாவை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.