எதையும் நிரூபிக்காத மனிதர்

புலம்பெயர்ந்த எமது மேடைகளிலும் சிறுகதைகளிலும் வந்துபோகிற மனிதர்களை வரிசையாக நிறுத்திப் பார்த்தால் ஒரு விடயம் தெரியவரும். சித்திரவதைப்பட்டவர் இருக்கிறார். போராடி மாண்டவர் இருக்கிறார். காணாமற்போன பிள்ளையைத் தேடுகிற தாய் இருக்கிறார். தமிழை மறந்த மகனும், அவனைத் திட்டுகிற தகப்பனும், மருமகளோடு மல்லுக்கட்டுகிற மாமியாரும் இருக்கிறார்கள். இவர்களில் ஒருவரும் பொய்யானவர் அல்ல. எமது வாழ்விலிருந்து வந்தவர்களே. ஆனால் இவர்கள் எவருக்கும் பல்வலி வருவதில்லை. எவரும் ஒரு சோடிச் சப்பாத்து வாங்க மூன்று கடை ஏறி இறங்குவதில்லை. சீட்டுக் காசைப் பிந்திக் கட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதில்லை. சாதாரண மனிதரைப் படைக்க எமக்கு ஏன் இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது? இது எழுத்துத் திறமை சம்பந்தப்பட்ட விடயம் மட்டும்தானா, அல்லது இதற்குள் ஓர் அறக்கேள்வியும் இருக்கிறதா?

கம்பஸ் படிப்பை நடுவில் விட்டுவிட்டு மெல்பேர்ணின் குசினிகளில் கோப்பை கழுவுகிற நாங்கள் பாத்திரப் படைப்பைப் பற்றிப் பேசுவது சிலருக்குச் சிரிப்பாக இருக்கலாம். ஆனால் இந்தக் கேள்வியை எமக்குக் கற்றுத் தந்ததே குசினிதான். சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு அங்கே எவரும் எமது துயரத்தைக் கேட்பதில்லை. வெங்காயம் வெட்டியாயிற்றா என்றுதான் கேட்கிறார்கள். அந்த நேரத்தில் நாங்கள் வெங்காயம் வெட்டுகிற மனிதர்கள், வேறொன்றுமில்லை. அதில் ஒரு நிம்மதி இருக்கிறது. வேலை முடிந்து வெளியே வந்து, எந்த நாடு என்று எவராவது கேட்டவுடன் நாம் மறுபடியும் ஒரு கதையாகிவிடுகிறோம்.

எமது கதையை முதலில் கேட்டு எழுதியது இலக்கியம் அல்ல, விண்ணப்பப் படிவம். 1951 ஆம் ஆண்டின் அகதிகள் சாசனம் ஐந்து காரணங்களைச் சொல்கிறது: இனம், மதம், தேசியம், குறிப்பிட்ட ஒரு சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல், அரசியற் கருத்து. இவற்றில் ஒன்றின் பேரால் துன்புறுத்தப்படுவோம் என்ற நியாயமான அச்சம் இருக்கவேண்டும். பலரது உயிரைக் காத்த சாசனம் அது. ஆனால் அதன் முன்னே போய் நிற்கிறபோது வாழ்வில் நடந்த ஒவ்வொன்றும் சான்றாகவேண்டியிருக்கிறது. ஊரில் ஒருவர் புறா வளர்த்திருந்தால் அது விண்ணப்பத்தில் வராது. புறாக்கூட்டை ஆமி உடைத்திருந்தால் மட்டுமே வரும். அவுஸ்திரேலியாவில் 2015 முதல் 2024 வரை, படகில் வந்தவர்களின் மறுக்கப்பட்ட விண்ணப்பங்களை மீளாய்வு செய்த முறையில் பெரும்பாலும் ஆளைக் கூப்பிட்டு விசாரிப்பதே இல்லை. கடதாசியில் இருந்தவர்தான் ஆள். பல வருடங்கள் இப்படிப் பேசிப் பழகிய ஒருவர் கதை எழுத உட்காருகிறபோதும் பேனாவிலிருந்து வருவது இன்னொரு விண்ணப்பமாகவே இருப்பதில் ஆச்சரியமில்லை.

நாம் வந்து சேர்ந்த இந்த நகரத்திலேயே சாதாரண மனிதரை மேடையேற்றிய பெரிய கலைஞர் ஒருவர் இருந்தார். பரி ஹம்ப்ரீஸ் மெல்பேர்ணில் 1934 இல் பிறந்து 2023 இல் சிட்னியில் காலமானவர். 1955 இல் ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்றோடு விக்ரோறியாவின் சிற்றூர்களைச் சுற்றிய குழுவில் அவரும் இருந்தார். ஊருக்கு ஊர் பிரமுகப் பெண்கள் ஆற்றிய நன்றியுரைகளைப் பஸ்ஸில் பெண் குரலில் நடித்துக் காட்டிச் சக நடிகர்களைச் சிரிக்கவைத்தார். அதே ஆண்டின் இறுதியில் மெல்பேர்ண் பல்கலைக்கழக மேடையில் அந்தக் குரல் எட்னா எவரேஜ் என்ற இல்லத்தரசியாக வந்தது. 'சராசரி' என்ற பொருள்படும் ஆங்கிலச் சொல்லைத் திரித்து வைத்த பெயர் அது. மூனி பொண்ட்ஸ் என்ற புறநகரில் வசித்த அந்தப் பெண், வரப்போகும் 1956 ஒலிம்பிக் வீரர்களைத் தன் வீட்டில் தங்கவைக்க முன்வருகிறாள். தன் வீட்டைப் பற்றிப் பேசுகிறாள். அவ்வளவுதான் கதை.

பிறகு எட்னா வளர்ந்துகொண்டே போனாள். 1974 இல் வெளியான படம் ஒன்றில் அன்றைய பிரதமர் கோவ் விற்லம் தானாகவே தோன்றி அவளுக்கு 'டேம்' பட்டம் கொடுத்தார். உலக நட்சத்திரமான பின் அவள் சபையோரைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினாள். சராசரிப் பெண்ணாக இருக்கவில்லை. ஆனால் அதே கலைஞர் 1958 இல் இன்னொருவரையும் படைத்தார். சாண்டி ஸ்ரோன். கிளென் ஐரிஸ் புறநகரின் வயோதிபர். வீட்டு அங்கியோடு கதிரையில் இருந்துகொண்டு, போன இடம், வந்த இடம், மனைவி, அயலவர் என்று மெல்லப் பேசிக்கொண்டேயிருப்பார். முதலில் சிரிப்பு வரும். கேட்கக் கேட்க, பிள்ளைகள் இல்லாத ஒரு வீட்டின் வெறுமை அந்தச் சின்னச் சின்ன விபரங்களுக்குள்ளால் தெரியத் தொடங்கும். எட்னாவைப் பார்க்கிறவர் தம்மை அவளுக்கு மேலே வைத்துக்கொள்ளலாம். சாண்டியிடம் அது முடியாது. தன் கிழமையைச் சொல்லி முடிக்க அவர் போதிய நேரம் எடுத்துக்கொள்வதே காரணம் என்று நாம் நினைக்கிறோம். ஒருவருக்கு நேரம் கொடுப்பது அவருக்குச் செய்கிற மரியாதை.

எம்மிடமும் இதற்கு இணையான ஒருவர் உண்டு. 2014 இல் கனடாவில் காலமான கே. எஸ். பாலச்சந்திரனின் 'அண்ணை றைற்' தனிநடிப்பை மறந்தவர்கள் குறைவு. யாழ்ப்பாணத்து பஸ் ஒன்றின் கொண்டக்டர். மேடையில் பஸ்ஸும் இல்லை, பயணிகளும் இல்லை. ஒரே ஒரு நடிகர். ஆனால் முழு பஸ்ஸும் எமக்குத் தெரியும். காரணம், அந்த மனிதர் தன்னைப் பற்றிப் பேச வரவில்லை, வேலை செய்ய வந்திருக்கிறார். தன் வேலையைச் செய்துகொண்டே மற்றவர்களோடு மல்லாடுகிற ஒருவரைப் படைத்தால், அவரது குணத்தை நாம் விளக்கத் தேவையில்லை. அந்த பஸ்ஸில் ஏறிய சனம் பின்னர் உலகெங்கும் சிதறிப்போனது. அந்தக் கொண்டக்டர் எந்த அநீதிக்கும் சாட்சியாக நிற்கவில்லை. என்றாலும் நாம் எதை இழந்தோம் என்பதை எத்தனையோ கண்டனக் கவிதைகளை விட அவர் தெளிவாகச் சொல்கிறார்.

சாதாரணம் என்பது எல்லோருக்கும் சும்மா கிடைத்துவிட்ட ஒன்றும் அல்ல. எமது இலக்கியத்திலேயே அதற்காகச் சண்டை நடந்திருக்கிறது. ஒடுக்கப்பட்ட மக்களைக் கதைகளுக்குள் கொண்டுவந்து அவர்களின் பேச்சிலேயே பேசவிட்டபோது, அதை 'இழிசினர் வழக்கு' என்று பழித்தவர்கள் இருந்தார்கள். சலூன் தொழிலாளியான டொமினிக் ஜீவா 1966 இல் 'மல்லிகை'யைத் தொடங்கினார். கே. டானியல் 'பஞ்சமர்' நாவலைத் தந்தார். எவர் கதையில் வரலாம், எவர் வாசலோடு நிற்கவேண்டும் என்ற கேள்வியை அவர்கள் உடைத்தார்கள். 'எங்கட சனம்' என்று நாம் பொதுவாகச் சொல்கிறபோது எந்தச் சாதியின் முற்றத்தை மனதில் வைத்துச் சொல்கிறோம் என்பதை இன்றும் கேட்டுக்கொள்ளவேண்டும்.

அண்மையில் நடந்த ஒன்றையும் இங்கே நினைக்கலாம். குயின்ஸ்லாந்தின் பிலோவீலா என்ற சிற்றூரிலிருந்து 2018 மார்ச்சில் ஒரு தமிழ்க் குடும்பம் அதிகாலையில் கொண்டுசெல்லப்பட்டது. தடுப்பு முகாம்களிலும் கிறிஸ்மஸ் தீவிலும் வருடங்கள் கழிந்தன. 2022 ஜூனில் அவர்கள் அந்த ஊருக்கே திரும்பினார்கள். அதற்காகப் பாடுபட்ட ஊர்ச் சனம் சாசனத்தின் வாசகத்தை மட்டும் பேசவில்லை. இறைச்சித் தொழிற்சாலையில் எம்மோடு வேலை செய்தவர், எங்கள் அயலவர், எங்கள் ஊர்ப் பிள்ளைகள் என்று பேசினார்கள். சாதாரணத்துக்கு அவ்வளவு பலம் இருக்கிறது. ஆனால் இதில் ஒரு நெருடலும் உண்டு. அயலவருக்குக் கறி கொடுக்காதவர், எவரோடும் முகம் கொடுத்துப் பேசாதவர், சிடுமூஞ்சிக்காரர், இவர்களுக்காக ஊர் எழுமா? நல்லவராக இருந்தால்தான் சாதாரண மனிதராக ஏற்றுக்கொள்ளப்படலாம் என்றால் அதுவும் ஒரு பரீட்சைதான். நல்லவராக இல்லாமல் இருக்கவும் அகதிக்கு உரிமை உண்டு. அரசியலிலோ சட்டத்திலோ இதைச் சொல்வது கஷ்டம். கதையில் சொல்லலாம், கதை இருப்பதே இதற்காகத்தான்.

அப்படியானால் எப்படிப் படைப்பது? அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். அதை அவர் எப்படிச் செய்கிறார் என்று பாருங்கள். ஒரு சின்ன ஆசை, ஒரு சின்னக் கடன், யாருக்கும் தீங்கில்லாத ஒரு பொய் கொடுங்கள். எமது கருத்துக்கு உதவாத ஏதாவது ஒன்று அவரிடம் கட்டாயம் இருக்கட்டும். அதுதான் அவருக்கே சொந்தமானது. ஆட்களை அப்படியே தூக்கிவைக்கிற விடயத்தில் மட்டும் கவனம் வேண்டும். டண்டினோங்கில் ஒருவர் தும்மினால் பெண்டில் ஹில்லில் கேட்கிற சமூகம் எமது. சீட்டுக் காசோடு போனவரைப் பற்றி எழுதினால் யாரென்று மறுநாளே தெரிந்துவிடும். அதோடு, ஊரில் இருக்கிற உறவினருக்கு எமது எழுத்தால் ஆபத்து வரக்கூடாது. ஒருவரின் நடையையும், இன்னொருவரின் கடனையும், எங்களுடைய பயத்தையும் சேர்த்தால் எவருக்கும் உரித்தில்லாத புதிய ஆள் ஒருவர் வருவார். அவரைப் பார்த்துப் பத்துப் பேர் "இது நான்தானே" என்று கேட்டால் படைப்பு சரி. ஒரே ஒருவர் மட்டும் கேட்டால் அவருக்கு அநியாயம் செய்துவிட்டோம் என்று அர்த்தம்.

துயரத்தை எழுதவேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அதை எழுதித்தான் ஆகவேண்டும். சாட்சி சொல்ல ஆளில்லாமற் போனவர்கள் ஆயிரமாயிரம் பேர். ஆனால் கொல்லப்பட்டவர்கள் கொல்லப்படுவதற்காகப் பிறந்தவர்கள் அல்லர். அவர்களுக்கும் பல்வலி இருந்தது, பிடிக்காத கறி இருந்தது. அதைச் சொல்லாமல் சாவை மட்டும் சொன்னால், கொன்றவர்கள் விட்டுவைத்த மிச்சத்தையும் நாமே எடுத்துவிடுகிறோம். அடுத்த கலைவிழாவுக்கு நாடகம் எழுதுகிற நண்பர்களிடம் எமது வேண்டுகோள் ஒன்றே: ஒரு பாத்திரத்தையாவது எதையும் நிரூபிக்காமல் மேடையில் நிற்க விடுங்கள். புறா வளர்த்தவர் வந்து கொஞ்ச நேரம் புறாவைப் பற்றிப் பேசட்டும்.