நம்மூர்ப் பாடகரும் நடுவுநிலைமையும்

பிறந்த ஊரின்மேல் பற்றுக் கொள்வது மாந்தர்க்கு இயல்பு. அப்பற்று மண்ணோடும் நீரோடும் நின்றுவிடுவதில்லை. அவ்வூரில் பாடியவர், யாழோ குழலோ பயின்றவர், மேளம் முழக்கியவர் ஆகியோர்மீதும் அது படர்கிறது. ‘அவர் எங்கள் ஊர்க்காரர்’ என்று சொல்லும்போதே நம் குரலில் ஒரு பெருமிதம் ஏறிவிடுகிறது. பாடியவர் அவர், அதற்காக உழைத்தவரும் அவர். பெருமிதம் மட்டும் நமக்கு எவ்வாறு உரியதாயிற்று? ஊர் ஒன்று என்னும் காரணத்தால் ஒருவருடைய இசையை மிகுதியாக விரும்புவது முறையா? விரும்பினால் அது அன்பா, ஓரவஞ்சனையா? கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இவ்வினாவினுள் அறத்தின் இரு பெருங்கடமைகள் எதிரெதிரே நிற்கின்றன. அவற்றைச் சற்றே நுணுகி நோக்குவோம்.

தமிழிசை மரபில் கலைஞரையும் ஊரையும் பிரித்தறிவதே அரிது. அரியக்குடி என்றதும் 1890 முதல் 1967 வரை வாழ்ந்த இராமானுச ஐயங்கார் நினைவுக்கு வருகிறார். செம்மங்குடி என்றால் 1908 இல் பிறந்து 2003 இல் மறைந்த சீனிவாச ஐயர். காருக்குறிச்சி என்றால் அருணாசலத்தின் நாகசுரம். இவை மாநகரங்கள் அல்ல; சிற்றூர்கள். இசைவாணர் தம் பெயருக்கு முன்னே சுமந்து சென்றமையால்தான் கடல் கடந்து வாழும் நம் காதுகளிலும் அவ்வூர்ப் பெயர்கள் விழுந்தன. எம். எஸ். சுப்புலட்சுமி அவர்களின் தலைப்பெழுத்துகளுள் முதலாவது மதுரையைக் குறிக்கும். அடுத்தது அன்னையார் சண்முகவடிவின் பெயரைக் குறிக்கும். பெற்றவளுக்கும் பிறந்த ஊருக்கும் அருகருகே இடம் தரும் மரபு இது. இன்னொன்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். எல்லா ஊரையும் தம் ஊராகவும் எல்லாரையும் தம் உறவாகவும் கண்ட புறநானூற்றுப் புலவரைக் கணியன் பூங்குன்றனார் என்றே வழங்குகிறோம். உலகையே தழுவிய அந்தச் சான்றோரின் பெயரிலும் பூங்குன்றம் என்னும் ஓர் ஊர் உறைகிறது. ஊர்ப்பற்றும் உலகப்பற்றும் ஒன்றையொன்று அழிப்பன அல்ல என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

புகழ் பெற்ற ஊர்களின் நிலை அது. பெயர் ஏறாத ஊர்களின் நிலை யாது? நான் வாழும் மெர்சிங், ஜொகூர் மாநிலத்தின் கிழக்குக் கரையில் தென்சீனக் கடலை நோக்கி அமைந்த மீன்பிடி ஊர். தியோமான் முதலிய தீவுகளுக்குப் படகேறும் துறை என்றே வெளியூரார் இதனை அறிவர். ஜொகூர் பாருவிலிருந்து ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவு. நவம்பர் தொடங்கி வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கடல் கொந்தளிக்கும்; படகுகள் ஆற்றுமுகத்தில் ஒதுங்கிக் கிடக்கும். பெருங்கலைஞர் இங்கு வந்து கச்சேரி நிகழ்த்துவது அரிதினும் அரிது. வானொலி ஆறு என்று முன்னாளிலும் மின்னல் எஃப்.எம். என்று இந்நாளிலும் வழங்கும் தமிழ் ஒலிபரப்பு அக்குறையை ஓரளவு நீக்கியது. ஆயினும் வானொலிப் பெட்டி நம் வீட்டுத் திருமணத்திற்கு வந்து மேளம் வாசிக்குமா? நம் வீட்டுத் துயரத்திற்கு வந்து திருமுறை ஓதுமா?

அதைச் செய்தவர்கள் உள்ளூர்க் கலைஞர்கள். கோயில் முன்மண்டபத்தில் தேவாரம் பாடும் முதியவர், தைப்பூசக் காவடிக்கு முன்னே உறுமி முழக்கிச் செல்லும் இளைஞர், திருமண மண்டபத்தில் திரைப்பாடல் இசைக்கும் குழுவினர், பள்ளி விழாவில் பிள்ளைகளுக்காக ஆர்மோனியம் வாசிக்கும் ஆசிரியர். இத்தகையோர் நம் நாட்டின் ஒவ்வொரு சிற்றூரிலும் தோட்டத்திலும் உளர். பகலில் அவர்களுக்கு வேறு பிழைப்பு உண்டு; பயிற்சியோ இரவில்தான். உறுமியின் தோல் கிழிந்தால் மாற்றுவதும் அவர்கள் கைப்பணத்தில்தான். விழா முடிவில் கிடைப்பது பெரும்பாலும் ஒரு மாலையும் சிறு தொகையும் மட்டுமே. இவர்களுக்கு ஊர் கடன்பட்டிருக்கிறது என்பதை மறுப்பார் இலர்.

ஆனால் கடன் வேறு, கணிப்பு வேறு. இவ்விடத்தில்தான் வள்ளுவப் பெருந்தகையின் நூலமைப்பு நமக்கு வழி காட்டுகிறது. திருக்குறளில் செய்ந்நன்றியறிதல் பதினோராம் அதிகாரம். நடுவுநிலைமை பன்னிரண்டாம் அதிகாரம். இவ்வைப்புமுறைக்குப் பரிமேலழகர் ஒரு காரணம் கூறுவார். நன்மை செய்தவரை எண்ணும்பொழுது நடுவுநிலைமை சிதைய இடமுண்டு. அவ்விடத்தும் அது சிதைதல் கூடாது என்று உணர்த்தவே நன்றியறிதலை அடுத்து நடுவுநிலைமை வைக்கப்பட்டது என்பது அவர் கருத்து. எத்துணை நுட்பமான நோக்கு! நம்மைக் கோணச் செய்வது பகை மட்டும் அன்று. நன்றியும் நம்மைக் கோணச் செய்யும். பகையால் வரும் கோணலை எளிதில் கண்டுகொள்கிறோம். நன்றியால் வரும் கோணலோ அன்பின் உடை உடுத்தி வருகிறது. அதனாலேயே அதனை அடையாளம் காண்பது கடினம்.

இதற்கு நம் இலக்கியத்திலேயே ஒரு நிகழ்ச்சி உண்டு. திருஞானசம்பந்தரின் பதிகங்களை யாழில் இசைத்து உடன் சென்றவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். அவர்கள் தருமபுரம் சென்றடைந்ததைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடுகிறார். அது யாழ்ப்பாணரின் தாயார் பிறந்த ஊர். சுற்றத்தார் திரண்டு வந்து அவரை வரவேற்றனர். யாழில் நீர் இசைப்பதால்தான் அப்பதிகங்களின் இசை உலகெங்கும் பரவுகிறது என்று அவரைப் புகழ்ந்தனர். அவர்கள் கொண்டது தீய எண்ணமா? அன்று. ‘நம் பிள்ளை’ என்னும் பாசமே அவர்களை அவ்வாறு பேச வைத்தது. அப்புகழ்ச்சியைக் கேட்ட யாழ்ப்பாணரோ மகிழவில்லை, நடுங்கினார். கருவியில் அடங்காத இசையொன்றைப் பாடி உண்மையை அனைவர்க்கும் உணர்த்தியருள வேண்டும் என்று சம்பந்தரிடமே வேண்டினார். சம்பந்தர் பாடினார், யாழ் அதனைத் தொடர இயலவில்லை. யாழ்ப்பாணர் தம் கருவியையே உடைக்க ஓங்கினார். சம்பந்தர் அவரைத் தடுத்து, யாழில் அடங்குமளவு தொடர்ந்து வாசித்து வரும்படி பணித்தார். இன்றும் தருமபுரத்து இறைவன் யாழ்மூரிநாதர் என்னும் பெயரால் வழிபடப்படுகிறார்.

சமய நோக்கில் இந்நிகழ்ச்சிக்குப் பொருள் வேறாக இருக்கலாம். ஊர்ப்பற்று என்னும் கோணத்தில் நோக்கினால் மூன்று உண்மைகள் புலப்படும். அளவிறந்த புகழ்ச்சி, புகழப்படும் கலைஞரையே முதலில் புண்படுத்துகிறது. ஏனெனில் தம் கலையின் எல்லையை அவரே நன்கறிவார். நம்மவரை உயர்த்துவதற்காகப் பிறரைத் தாழ்த்தும்போது பாசம் பழியாக மாறுகிறது. மூன்றாவது உண்மையே மிகவும் இன்றியமையாதது. எல்லை வெளிப்பட்டது என்பதற்காக யாழை உடைக்கச் சம்பந்தர் இசையவில்லை. இயன்றவரை வாசிக்கும் கலைஞருக்கும் அவையில் இடம் உண்டு என்பதை அச்செயல் நிலைநாட்டியது. உண்மையை மறையாமலே உறவைக் காக்க முடியும் என்பதை நாம் கற்க வேண்டிய இடம் அது.

பாட்டுப் போட்டிகளில் நடுவராக அமர்ந்த ஆசிரியப் பெருமக்கள் இந்நெருக்கடியை நன்கறிவர். நம் ஊர்ப் பிள்ளை மேடையேறுகிறான். அவன் தந்தையை நாம் அறிவோம்; மழைக்காலத்தில் வருமானமின்றி அவ்வீடு படும் பாட்டையும் அறிவோம். பிள்ளை உருக்கமாகப் பாடுகிறான். ஆனால் மேல்சுருதியில் குரல் பிசகுகிறது. அடுத்து வந்த வெளியூர்ச் சிறுமி சுருதி வழுவாமல் பாடி முடிக்கிறாள். மதிப்பெண்ணை யாருக்குத் தருவது? சிறுமிக்கே தருதல் வேண்டும். நடுவர் என்னும் சொல்லுக்குள்ளேயே நடுவு இருக்கிறதே! எனினும் அத்துடன் நம் கடமை முடிந்துவிடவில்லை. போட்டி முடிந்தபின் நம் ஊர்ப் பிள்ளையை அருகில் அமர்த்திக்கொண்டு, பிசகிய இடத்தை எடுத்துக்காட்டி, அடுத்த ஆண்டுவரை பயிற்சி தரும் பொறுப்பும் நமக்கு உண்டு. தீர்ப்பில் நடுவுநிலைமை, உழைப்பில் நன்றி. இரண்டையும் இடம் மாற்றி வைப்பதே தவறு. தகுதியில்லாத பரிசைக் கொடுத்துப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடுவது எளிது. அதனால் அவன் கற்பது ஒன்றுமில்லை.

ஓரவஞ்சனைக்கு நேர் எதிரான பிழையும் ஒன்றுண்டு. அது உள்ளூர்க் கலைஞரை, உள்ளூரார் என்பதாலேயே இகழ்வது. வெளியூர் மெச்சிய பிறகே நாம் மெச்சத் தொடங்குவோம். பி. ரம்லி அவர்களின் வாழ்வு நம் நாடு முழுமைக்கும் ஒரு பாடம். 1929 இல் பினாங்கில் பிறந்து, பாடகராகவும் இசையமைப்பாளராகவும் நடிகராகவும் இயக்குநராகவும் ஒளிர்ந்தவர் அவர். காலம் மாறியது, புதிய இசைக்குழுக்களின்பால் மக்கள் மனம் சென்றது. கோலாலம்பூரில் அவர் எடுத்த பிற்காலப் படங்கள் முன்போல் வரவேற்கப்படவில்லை. 1973 ஆம் ஆண்டு, தம் 44 ஆம் வயதில் அவர் மறைந்தார். 1982 இல் கோலாலம்பூரின் சாலை ஒன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 1990 இல் டான் ஸ்ரீ விருது வழங்கப்பட்டது. சாலைப் பலகையில் பொறித்த பெயரை அவர் படிக்கவில்லை. விருதை அணியவும் அவர் இல்லை. பெருமிதம் செலவில்லாதது, அதனை எப்பொழுது வேண்டுமானாலும் கொள்ளலாம். நன்றிக்கோ உரிய காலம் ஒன்று உண்டு. அக்காலம் கலைஞர் உயிரோடு இருக்கும் காலமே.

இனி, ‘நம்மவர்’ என்பவர் யார் என்னும் வினா எழுகிறது. பினாங்கில் தோன்றிய அல்லிகேட்ஸ் குழுவின் டேவிட் ஆறுமுகம், 2007 இல் மறைந்த லோகநாதன் ஆறுமுகம் ஆகிய உடன்பிறப்புகள் மலாய்ப் பாடல்களால் நாடறிந்தவர்கள். தமிழ்க் குடும்பத்தில் பிறந்த அவர்களை மலாய் மக்கள் தம் சொந்தப் பாடகராகவே போற்றினர். நம் ஜொகூரிலோ, மூவாரைச் சேர்ந்த பாக் லோமாக் என்னும் ஹாஜி மூசா வளர்த்த கசல் இசையில் ஆர்மோனியமும் தபேலாவும் ஒலிக்கின்றன. இவை இந்திய மண்ணிலிருந்து வந்து மலாய்ப் பாட்டோடு இழைந்தவை. அங்ஙனமாயின் கசல் பாடும் மலாய்க் கலைஞர் நமக்கு அயலாரா? காவடி செல்லும் வீதியில் நின்று நம் உறுமியைக் கேட்கும் மலாய் மீனவரும் சீனக் கடைக்காரரும் நமக்கு அயலாரா? ஒரே மழையில் நனைந்து, ஒரே தெருவில் ஒருவர் மேளத்தை மற்றவர் கேட்டு வளர்ந்தவர் அனைவரும் ஊரார். ஊர்ப்பற்று இனப்பற்றாகச் சுருங்குமானால் அது தன் பெயருக்கே தகுதியற்றதாகிவிடும்.

‘கலைக்கு ஊர் ஏது? சிறந்ததைக் கேட்போம், மற்றதை விடுவோம்’ என்று வாதிடுவாரும் உளர். இன்று கைப்பேசியைத் தொட்டால் உலகின் தலைசிறந்த குரல் கேட்கிறது. கோயில்கள் பலவற்றில் பூசை வேளையில் மின்விசையால் இயங்கும் முரசும் மணியும் தாமே முழங்குகின்றன. தாளம் பிசகுவதில்லை, கூலி கேட்பதில்லை, தாமதமாக வருவதுமில்லை. ஆயினும் அவ்வியந்திரத்தைப் பார்த்து, ‘நானும் ஒருநாள் இப்படி வாசிப்பேன்’ என்று எந்தச் சிறுவனாவது எண்ணுவானா? பக்கத்து வீட்டு அண்ணன் தவில் வாசிக்கக் கண்டவனுக்கே அவ்வாசை பிறக்கும். தன்னைப் போன்ற ஒருவர், தன் தெருவில் நடப்பவர், தன் பேச்சைப் பேசுபவர் பாடுகிறார் என்னும் காட்சி, பாட்டு தனக்கும் எட்டும் பொருள் என்று குழந்தைக்கு அறிவிக்கிறது. இக்கொடையை எந்த இசைத்தட்டும் தந்ததில்லை. சிறந்த இசையைத் தொலைவிலிருந்து பெறலாம்; இசை வாழும் ஊரை நாமேதான் ஆக்கிக்கொள்ள வேண்டும். அரியக்குடியும் செம்மங்குடியும் தொடக்கத்தில் பெயரறியாச் சிற்றூர்களே அல்லவா?

ஆகவே ஊர்க் கலைஞரை விரும்புவது முறையே. அவ்விருப்பம் எவ்வடிவில் வெளிப்பட வேண்டும் என்பதே அறம் கேட்கும் கேள்வி. அவர் உலகில் யாவரினும் சிறந்தவர் என்று பொய்யுரைப்பது அதற்கு வழி அன்று. அவர் பாடும்போது எழுந்து போகாமல் அமர்ந்து கேட்பது, பேசிய தொகையைக் குறையாமல் அன்றே கொடுப்பது, குறையிருப்பின் தனிமையில் அன்போடு எடுத்துரைப்பது, நிறையிருப்பின் அவையறியப் பாராட்டுவது ஆகியவையே அவ்வழி. மாணவமணிகளே! உங்கள் பள்ளி ஆண்டு மலரில் ஒரு பக்கத்தை இதற்கென ஒதுக்குங்கள். உங்கள் ஊரில் உறுமி முழக்குபவர், திருமுறை ஓதுபவர், கசல் பாடுபவர் ஆகியோரை நேரில் கண்டு, அவர்கள் இசைவோடு, யாரிடம் கற்றனர், எங்ஙனம் பயின்றனர் என்பதைக் கேட்டு எழுதுங்கள். உள்ளதை உள்ளவாறே எழுதுங்கள், மிகைப்படுத்த வேண்டா. புகழுரையை அவர்கள் எதிர்பார்த்து நிற்கவில்லை. கேட்கும் செவிகளையே எதிர்பார்க்கின்றனர். அச்செவிகளை அவர்கள் காலத்திலேயே கொடுத்துவிடுவோமாக!