இரு கைகளையும் வைத்து



நம் ஊர் அரசுப் பள்ளியில் வரும் வெள்ளிக்கிழமை மேலாண்மைக் குழுவின் மறுகட்டமைப்புக் கூட்டம். 2009இல் வந்த கல்வி உரிமைச் சட்டம், இந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்கவேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்கவேண்டும் என்கிறது. அதனால்தான் அன்பியத்தில் செபமாலை முன்சொல்லும் அக்காக்களே பள்ளியின் தீர்மானப் பதிவேட்டிலும் கையெழுத்துப் போடுகிறார்கள். குழுவுக்கு ஆயுள் இரண்டு ஆண்டு. இப்போது கைமாற்றும் நேரம் வந்திருக்கிறது.

மருமகளிடம் பீரோ சாவியைக் கொடுத்துவிட்டு அடுக்களை வாசலை விட்டு நகராத மாமியாரை நமக்குத் தெரியும். (யாரையும் பார்த்துச் சொல்லவில்லை, முன்வரிசையில் சிரிக்கவேண்டாம்.) பதிவேடு வெள்ளிக்கிழமையே கைமாறிவிடும். வாட்ஸ்அப் குழுவின் அட்மின் மட்டும் தீபாவளி கழிந்தும் மாறியிருக்காது. புதியவர் வாய் திறந்தால், "எங்க காலத்துல இப்படியா நடந்துச்சு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வரும்.

எண்ணிக்கை நூல் 27ஆம் அதிகாரத்தில் மோசேயைப் பாருங்கள். 40 ஆண்டு பாலைநிலத்தில் சுமந்த மக்களோடு அவர் வாக்களிக்கப்பட்ட நாட்டுக்குள் போகப்போவதில்லை என்று ஆண்டவர் சொல்லிவிட்டார். மோசேக்கு வலிக்காமலா இருந்திருக்கும்? போகவிடும்படி அவர் கெஞ்சியதை இணைச்சட்ட நூல் மறைக்கவில்லை. ஆனாலும் இந்த இடத்தில் அவர் கேட்பது மக்களுக்காக: இவர்கள் ஆயனில்லா மந்தையாகிவிடக் கூடாது, ஒருவரைத் தாரும் என்கிறார். தம் பிள்ளைகள் கேர்சோமையும் எலியேசரையும் அவர் முன்மொழியவில்லை. ஆண்டவர் யோசுவாவைக் காட்டி, அவர்மேல் கையை வைக்கச் சொன்னார். மோசே இரு கைகளையும் வைத்தார். அதுவும் குரு எலயாசரும் மக்கள் எல்லாரும் பார்க்க.

நம் பள்ளியில் எதைக் கையளிப்பது? பதிவேட்டில் இல்லாததைத்தான். எந்த வீட்டுப் பையன் அப்பாவின் சம்பள நாளுக்கு மறுநாள் பள்ளிக்கு வரமாட்டான். எட்டாம் வகுப்போடு நின்றுபோன பெண்ணைத் திரும்ப அனுப்ப அந்த வீட்டில் யாரிடம் பேசவேண்டும் (அப்பாவிடம் பேசிப் பயனில்லை, பாட்டி சொன்னால் நடக்கும்). கழிப்பறைக் குழாய் உடைந்தால் ஞாயிற்றுக்கிழமையும் வரும் பிளம்பர் யார். பொறுப்பு முடிந்து போகிறவர்களே, வீடு வீடாக நடந்து நீங்கள் தெரிந்துகொண்டவை இவை. இவற்றைச் சொல்லாமல் வைத்திருக்கும்போது, 'தடுமாறட்டும், அப்போது தெரியும் என் அருமை' என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு ஓடுகிறதா? அந்தத் தடுமாற்றத்தில் அடிபடப்போவது எந்தப் பிள்ளை?

அப்படி ஒரு நினைப்பு இருந்தால் ஆண்டவரிடம் சொல்லிவிடுங்கள். அதன் அடியில் ஒரு காயம் இருப்பது அவருக்குத் தெரியும். நூறு நாள் வேலைக் கூலியை இழந்து கூட்டத்துக்கு வந்தீர்கள். நன்றி சொல்ல ஒருவரும் வரவில்லை. பள்ளிக் காசில் கைவைத்தார் என்று டீக்கடையில் யாரோ பேசியதும் உங்கள் காதுக்கு வந்தது. உங்கள் நடையை எண்ணி வைத்திருப்பவர் அவர். பேசியவர்கள் இங்கே இருந்தால், வெள்ளிக்கிழமைக்கு முன் அந்தச் சகோதரியின் வீட்டுப் படியேறுங்கள். நீங்களும், சகோதரிகளே, கணக்கைக் கூட்டத்தில் வாசித்தே கொடுங்கள். உங்கள் மனமும் லேசாகும், வாங்குபவருக்கும் பயம் விடும்.

புதிதாக வருகிறவர்களே, முதல் கூட்டத்தில் நாக்கு குழறும். பள்ளி மேம்பாட்டுத் திட்டம் எழுத உட்கார்ந்தால் பேனா நகராது. எரிகோவை வென்ற கையோடு ஆயி நகரில் யோசுவாவின் ஆட்களும் தோற்றுத்தான் ஓடிவந்தார்கள். அவர் முகங்குப்புற விழுந்து கிடந்தார். எழுந்திருக்கச் சொன்னார் ஆண்டவர். முன்பு இருந்த அக்காவிடம் கேளுங்கள், தலைமையாசிரியரிடம் கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

அந்தக் குழுவில் நம் சபையைச் சேராத தாய்மாரும் உண்டு. நம் பிள்ளைகளுக்காகவும் அலைந்தவர்கள். அவர்களையும் சேர்த்தே இன்றைய மன்றாட்டில் செபிப்போம். திருப்பலி முடிந்ததும் போகிறவர்களும் வருகிறவர்களும் கெபி பக்கம் கொஞ்சம் நில்லுங்கள், டீ சொல்லியிருக்கிறேன். இந்த வாரம் எந்தெந்த வீட்டுக்குச் சேர்ந்து போவது என்று அங்கேயே பேசிவிடலாம்.